மூன்றாம் துளி, ஏழாம் துளி

குப்பையில் போட வேண்டிய எதையும் ஒரு முறை உற்றுப் பார்க்காமல் போட மாட்டாள் அவள். வீட்டில் அது தீராத தொல்லை. தேய்ந்த பல்துலக்கி, முட்டைக்கோஸின் அடித்தண்டு, உயிர் போன பேட்டரி, எதுவானாலும் ஒரு நிமிஷம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "அதுல என்ன புதையலா இருக்கு?" என்று கணவன் கேட்பான். "இல்லைன்னு பார்த்தாத்தானே தெரியும்" என்பாள். இப்படிப்பட்டவளுக்கு, குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்தால் என்ன ஆகும்? அங்கேயும் குப்பையில்தான் கண் போயிற்று.

அந்தக் குப்பை என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்ணின் உடம்பிலிருந்து எடுக்கும் முட்டை ஒண்டியாக வருவதில்லை. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சின்னச் செல்கள் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். லேபில் அதற்கு மேகம் என்று பெயர். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்த வேண்டுமானால் மேகத்தை உரித்தாக வேண்டும். முடியைப் போன்ற கண்ணாடிக் குழலால் உறிஞ்சி, விட்டு, உறிஞ்சி, விட்டு, முட்டையைப் பளிச்சென்று ஆக்குவார்கள். உரித்த மேகம் நேரே குப்பைக்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே லேப்காரி (நாமும் அவளை அப்படியே கூப்பிடுவோம்) பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

"மேடம், இந்த மேகத்துல ஏதாவது தெரியுமா?"

"என்ன தெரியணும்?"

"இல்ல, இத்தனை நாள் முட்டையைச் சுத்தி இருந்து சோறு ஊட்டி வளர்த்ததே இதுதானே. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியாத வீட்டு விஷயமா?"

டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இதே கேள்வியை வேறு பலரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். மேகத்துச் செல்களில் சில அடையாளங்கள் கூடியும் குறைந்தும் இருக்கும். அவற்றை அளந்தால் எந்த முட்டை பிள்ளையாகும், எது பாதியில் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியலாம். முடியாமலும் போகலாம்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆராய்ச்சி தொடங்கியது. ஏற்பாடு எளிது. ஒவ்வொரு முட்டையின் மேகமும் தனித்தனிக் குழாயில் போகும். குழாய்கள் உறைந்து வேறொரு கட்டடத்துக்குப் போகும். அங்கே அடையாளங்களை அளந்து பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். லேபுக்கு மார்க் தெரியாது, மார்க் போடுகிறவர்களுக்கு எந்தக் கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. மூன்று வருஷம் முடிந்ததும் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதுவரை எல்லாரும் வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும். லேப்காரிக்கு அது எத்தனை கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மூன்று வருஷத்துக்குள் அவளுடைய நாத்தனாரும் இதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாற்பத்தொரு வயது. உரத்த குரல். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாக அழுந்தும். யாராவது தப்பாகப் பேசினால் அந்தக் கால் அழுந்துவதை லேப்காரி பார்த்திருக்கிறாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார்.

இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கைநழுவிப் போயிருந்தது. மூன்றாம் முறை எட்டு முட்டைகள் கிடைத்தன. ஆராய்ச்சியிலும் பெயர் கொடுத்தாள். எட்டில் இரண்டுதான் கடைசிவரை வளர்ந்து உறைபெட்டிக்குள் போயின. மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே அழகு, ஒரே தரம். ஆனால் கர்ப்பப்பையின் சுவர் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கரு, அதற்குமேல் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இரண்டில் ஒன்றுக்குத்தான் வாசல் திறக்கும்.

"எதை வைப்பீங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா, வரிசையில முன்னாடி இருக்கிறதைத்தான் வைப்போம் அண்ணி. மூணாம் நம்பர்" என்றாள் லேப்காரி.

அன்றிலிருந்து மூணு என்றால் வீட்டில் ஓர் ஆள். "மூணு கொஞ்சம் அழுத்தம், அப்பா மாதிரி. ஏழு வாயாடி, என்னை மாதிரி" என்பாள் நாத்தனார். உறைபெட்டிக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்குக் குணம் கற்பித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் மறுக்கவில்லை. மூணுக்கு எந்தப் பக்கத்து அறை என்று அவர் மட்டும் ஒரு நாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாராம்.

மூன்று வருஷம் முடிந்து பட்டியல்களைத் திறந்த நாளில் லேபில் எல்லாரும் குளித்து முழுகி வந்தது போலப் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிவிவரம் பார்க்கிறவர் வந்தார். அவருக்கு அங்கே தசமப்புள்ளி என்று பெயர். மணி கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் சொல்வார்.

"நல்ல மார்க் வாங்கின கருவுல முப்பத்தொண்ணு புள்ளி நாலு சதவீதம் ஒட்டிக்கிச்சு" என்றார். "மோசமான மார்க் வாங்கினதுல முப்பது புள்ளி ஒன்பது."

"அப்படின்னா?" என்றார் டாக்டரம்மா.

"அப்படின்னா, நாணயத்தைச் சுண்டிப் பார்த்தா செலவு மிச்சம்."

லேப்காரிக்குத் தன் சொந்தப் பிள்ளையை யாரோ மக்கு என்று சொன்னது போல வலித்தது. தலையைக் குனிந்துகொண்டு கையில் கொடுத்த தாளைப் பார்த்தாள். அதில் ஒரு குறியீடு. மூன்று வருஷமும் கிண்ணங்களில் குறியீடு ஒட்டியவள் அவளே. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். நாத்தனாரின் வரிசை. மூன்றாம் நம்பருக்கு ஒன்பது. ஏழாம் நம்பருக்கு இரண்டு.

இங்கேதான் அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். எப்படியும் செல்லாத மார்க், சொன்னால் என்ன, அண்ணிக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று அன்று மாலையே போனில் சொல்லிவிட்டாள்.

"பத்துக்கு ஒன்பதா? எங்க மூணா?" நாத்தனார் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அந்த மார்க் எதற்கும் உதவாது என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னாள் லேப்காரி. அது அந்தப் பக்கம் யார் காதிலும் விழவில்லை.

ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. மூட்டை கட்டுகிற பொருளைத்தானே இவள் உற்றுப் பார்ப்பாள்? தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். சரியாகச் சொன்ன இடத்தில் பச்சை, தப்பாகச் சொன்ன இடத்தில் சிவப்பு. நான்கு நாள் வண்ணம் தீட்டியதில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. முதலாம் நம்பர் முட்டைகளுக்கு மட்டும் மேகம் பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருந்தது. இரண்டே முட்டை கிடைத்த பெண்களுக்கும் அப்படியே, பச்சைதான். மற்றவர்களுக்கு எல்லாம் ரத்தக்களரி.

மறுநாள் ஊசிக்காரியிடம் கேட்டாள். முட்டைக்குள் ஊசி போடுகிற வேலை அந்தப் பெண்ணுடையது. லேப்காரி மேகத்தை உரித்துக் கொடுத்தால், அதே கிண்ணத்தை வாங்கி ஊசி போட்டு, முட்டைகளை வரிசையாகப் புதுக் கிண்ணத்துக்கு மாற்றுவாள்.

"முதல் முட்டையோட மேகம் மட்டும் ஏன் உண்மை பேசுது?"

"முதல்ல உரிக்கிறதால வாடாம இருக்குமோ?" என்றாள் ஊசிக்காரி. "கடைசி முட்டை வரைக்கும் வர்றதுக்குள்ள கால் மணி நேரம் ஆயிடுதே."

நல்ல யோசனைதான். லேப்காரி ஓடிப்போய்த் தாளைப் பார்த்தாள். வாடுவதுதான் காரணம் என்றால் இரண்டாவதும் சுமாராக இருக்க வேண்டும், எட்டாவது படுமோசமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. இரண்டாவதும் எட்டாவதும் ஒரே மாதிரி தப்பு. அதைவிட வேடிக்கை, எட்டு முட்டை கிடைத்தவர்களுக்கு ஐந்தாவதும் சரியாக இருந்தது. ஒன்று சரி, ஐந்து சரி. நடுவில் எல்லாம் குழப்பம்.

"அஞ்சு எங்கேருந்து வந்துச்சு?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். பல் தேய்க்கும்போது கேட்டாள். கணவன் உப்பை எடுக்கச் சொன்னபோது உப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனாரும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். இன்னும் பதினெட்டு நாளில் கரு வைக்கிற நாள். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லாமலே முடிவாகி, நான்கு பேரும் வட்ட மேஜையில் சீட்டு விளையாடினார்கள். அந்த வீட்டில் யார் சீட்டுப் போட்டாலும் முதல் சீட்டு மூத்தவளான நாத்தனாருக்கு. அவளுக்கு எதிரே அவள் தம்பி, லேப்காரியின் கணவன். ஒரு பக்கம் மெக்கானிக், மறுபக்கம் லேப்காரி. அன்று கலைத்துப் போட்டவள் லேப்காரி.

ஆட்டம் முடிந்து சீட்டுகளைத் திருப்பியபோது மெக்கானிக் அன்றைய ஒரே வாக்கியத்தைப் பேசினார்.

"அந்த ராணி எனக்கு வர வேண்டியது."

"ஏன், அவர் சொல்றது சரிதானே!" என்று பாய்ந்தாள் நாத்தனார். "உலகமே இந்தப் பக்கமா சீட்டுப் போடும். நீ நொட்டாங்கை, அந்தப் பக்கமா சுத்திப் போடுற. ரவுண்டானாவுல இப்படி எதிர்த் திசையில வந்தா என் ஸ்கூல்ல சாவியைப் பிடுங்கிடுவேன் தெரியுமா?"

"உனக்கு எந்தப் பக்கம் போட்டா என்னக்கா? முதல் சீட்டு எப்பவும் உனக்குத்தானே" என்றான் தம்பி. "எதிர்ல இருக்கிறதால எனக்கும் மாறல. எப்படிச் சுத்தினாலும் மூணாவது சீட்டு எனக்குத்தான். பாவம், மச்சானோடதுதான் இவளுக்குப் போயிடுச்சு."

லேப்காரியின் கையிலிருந்த சீட்டுகள் மேஜையில் சிதறின. முதல் ஆளுக்கு மாறாது. நேர் எதிரே இருப்பவருக்கு மாறாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் மாறும். எட்டு பேர் உட்கார்ந்தால் நேர் எதிரே இருப்பவர் ஐந்தாவது ஆள். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் யாருக்கும் மாறாது.

கிண்ணமும் வட்டம். அதில் எத்தனை முட்டையோ அத்தனை துளிகள், வட்டமாக. பேனா மையின் ஆவி முட்டைக்கு ஆகாது என்று அந்த லேபில் துளிகளுக்கு நம்பர் எழுதுவதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் மேல்பக்கம் ஒரே ஒரு கீறல். அங்கே ஒன்று, அப்படியே சுற்றிக்கொண்டு போக வேண்டும். எந்தப் பக்கமாக என்று விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. யாருக்கும் அது கேள்வியாகவே தோன்றவில்லை. லேப்காரி தன் இடது கைக்குத் தோதான பக்கமாகச் சுற்றி மேகங்களைக் குழாய்களில் நிரப்பியிருக்கிறாள். ஊசிக்காரி தன் வலது கைக்குத் தோதாக, கடிகாரம் போகிற பக்கமாகச் சுற்றி முட்டைகளுக்கு நம்பர் போட்டிருக்கிறாள். பக்கத்தில் சாட்சியாக ஒருவர் நிற்பார்தான். ஆனால் சாட்சி குறியீட்டைப் பார்ப்பாரே தவிர, கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதில்லை.

அண்ணிக்கும் எட்டு முட்டைதான் என்று நினைவு வந்தபோது மேஜையில் விரலால் வட்டம் போட்டு எண்ணினாள். எட்டுத் துளி வட்டத்தில் இப்படிச் சுற்றினால் மூன்று, அப்படிச் சுற்றினால் அதே துளிதான் ஏழு.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?" என்றாள் நாத்தனார். "ஒரு ராணிக்காகவா?"

மறுநாள் காலை டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"யாரோட கருவும் மாறலையே?"

"இல்ல மேடம். ஒரு கிண்ணத்துல ஒருத்தங்களோடதுதான் இருக்கும். முட்டை, கரு எல்லாம் அவங்கவங்களோடதுதான். குழாய்ல போன மேகம்தான் இடம் மாறியிருக்கு."

"மூணு வருஷம்!" என்றார் டாக்டரம்மா. திட்டுவதற்கு வேறு வார்த்தை கிடைக்காமல் மறுபடியும், "மூணு வருஷம்!" என்றார்.

தசமப்புள்ளி லேசில் மசியவில்லை. "தேவைப்பட்ட இடத்துல திருப்பிப் போட்டுப் பார்த்தா எந்தக் கணக்கும் பொருந்தும். நீங்க திருப்பினது சரின்னு எனக்கு யார் சொல்றது?" என்றார். கோபம் வந்தது லேப்காரிக்கு. ஆனால் நியாயமான கேள்வி. அதனால் வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தெந்த நாளில் தானும் ஊசிக்காரியும் சேர்ந்து வேலை செய்தோம், எந்தெந்த நாளில் ஊசிக்காரி விடுப்பில் போய்த் தானே இரண்டு வேலையும் செய்தோம் என்று பட்டியல் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். சேர்ந்து செய்த நாட்களை மட்டும் திருப்புங்கள், மற்ற நாட்களைத் தொடாதீர்கள், நான் சொன்னது பொய்யானால் முடிவே காட்டிக் கொடுக்கட்டும் என்றாள்.

அது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அவர். போன வருஷம் புதிதாக வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்த வீடியோ ஒன்று கணினியில் இருந்தது. நான்கு பேரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். பெரிதாகத் தெரிந்த கிண்ணத்தில் கண்ணாடிக் குழல் இறங்கியது. மேல்துளி. அடுத்து இடதுபக்கத் துளி. அடுத்து அதற்கும் கீழே. தயக்கமே இல்லாமல், நீர் வழிந்து ஓடுவது போல, கை எதிர்ப்பக்கமாகவே சுற்றிவந்தது.

"அடிப்பாவி" என்றாள் ஊசிக்காரி மெதுவாக. "பக்கத்துல உக்காந்து இதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்!"

உலகத்துக் குப்பையை எல்லாம் உற்றுப் பார்த்தவள், தன் கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள் தசமப்புள்ளி வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். புள்ளி வைக்காமல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. நல்ல மார்க் வாங்கிய கருக்களில் பாதிக்குமேல் ஒட்டியிருந்தது. மோசமான மார்க் வாங்கியதில் பத்துக்கு ஒன்று. விடுப்பு நாட்களிலும், திருப்பாமலே, பச்சைதான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஊசிக்காரி லேப்காரியைக் கட்டிக்கொண்டாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். ஆனால் லேப்காரியின் கண் ஒரே வரிசையில் நின்றது. மூன்றாம் நம்பருக்கு இரண்டு. ஏழாம் நம்பருக்கு ஒன்பது.

"மேடம், இன்னொரு தப்பும் பண்ணியிருக்கேன்" என்றாள்.

போனில் சொன்னதைச் சொன்னாள். இந்த முறை டாக்டரம்மாவுக்குத் திட்ட வார்த்தை நிறையவே கிடைத்தது. எல்லாம் கொட்டித் தீர்ந்தபின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்.

"இதை வெச்சு யாருக்கும் கருவைத் தேர்ந்தெடுக்க நமக்கு அனுமதி இல்ல. இது இன்னும் ஆராய்ச்சிதான். ஆனா நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. தப்பான தகவல் ஒண்ணு அவங்க தலைக்குள்ள போயிடுச்சு. அதைத் திருத்தாம அவங்களைப் படுக்க வைக்க என்னால முடியாது. குழுகிட்ட நான் கேக்கறேன்."

ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழு இரண்டு நாள் யோசித்தது. எல்லாவற்றையும் சொல்லுங்கள், எது உறுதியில்லை என்பதையும் சொல்லுங்கள், முடிவு அந்தப் பெண்ணுடையது என்று எழுதிக் கொடுத்தது. டாக்டரம்மா முறையாகச் சொல்லப்போகிறார்தான். ஆனால் அதற்கு முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று லேப்காரிக்கு இருந்தது.

நாத்தனாரின் கார் ஒரு காலி மைதானத்தின் ஓரத்தில் நின்றது. அடுத்த மாணவர் வர இருபது நிமிஷம் இருந்தது. கற்றுக்கொள்கிறவரின் இடத்தில் லேப்காரி உட்கார்ந்தாள், பக்கத்தில் நாத்தனார். சீட்டில் தொடங்கி, கிண்ணம், துளி, கை, வீடியோ வரை ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணாடியில் விரலால் வட்டம் போட்டும் காட்டினாள்.

நின்றுகொண்டிருந்த காரில் நாத்தனாரின் கால் பிரேக்கை அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது.

"அப்போ ஒன்பது வாங்கினது மூணு இல்ல."

"இல்ல அண்ணி. ஏழாம் நம்பர். என்னை மன்னிச்சிடுங்க."

"மூணுகிட்ட நான் பேசியிருக்கேன்மா" என்றாள் நாத்தனார். அந்த உரத்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சிக்னல்ல நிக்கிறப்ப எல்லாம் பேசுவேன். உங்கப்பா ரூமுக்கு அளவெடுத்துட்டார்னு சொன்னேன். இப்ப போய் அதுகிட்ட, நீ வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"

லேப்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தன்னைத் தேற்றுகிற வேலையும் அண்ணி தலையில் விழும் என்று அடக்கிக்கொண்டாள்.

"மார்க் நிச்சயமா?"

"நிச்சயம் இல்ல. ஒன்பது வாங்கினதுலயும் பாதி ஒட்டாம போயிருக்கு. ரெண்டு வாங்கினதுலயும் பத்துக்கு ஒண்ணு பிள்ளையாகியிருக்கு. இன்னொரு ஆஸ்பத்திரியில செஞ்சு பார்த்து இதே வந்தாத்தான் நம்பலாம்னு சொல்றாங்க."

"நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணி. ஏற்கெனவே ஒரு தடவை வாயை விட்டு மாட்டிக்கிட்டேன்."

நாத்தனார் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தாள். மைதானத்தில் ஒரு நாய் எதையோ முகர்ந்துகொண்டு போனது.

"என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் இடிக்கிறது எதனால தெரியுமா?" என்றாள். "வழி காலியா இருக்குன்னு மனசுல முடிவு பண்ணிடுவாங்க. கண்ணாடியில வண்டி தெரியும். தெரிஞ்சும் திருப்புவாங்க. பதினேழு வருஷமா அதுக்குத்தான் கத்திக்கிட்டிருக்கேன்." பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். "ஏழாம் நம்பரையே வைக்கச் சொல்லு. மூணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

கரு வைக்கிற நாளில் நாத்தனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். குழலில் ஏற்றிக் கொடுப்பது லேப்காரியாக இருக்க வேண்டும், அதுவும் அவளுடைய இடது கையால்.

இதற்குள் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு பக்கம் புதிதாக ஏறியிருந்தது. துளிகளின் படத்தில் பெரிய அம்புக்குறி, கடிகாரம் போகிற பக்கமாக. சாட்சிகள் இப்போது இரண்டு பேர். லேப்காரி உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக்கிய ஏழாம் நம்பரை நுண்ணோக்கியில் பார்த்தாள். பனி விலகியதும் அது மெல்ல மூச்சிழுப்பது போலப் பருத்தது. இடது கையால் குழலில் ஏற்றி, சிறு ஜன்னல் வழியாக டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

"ஏம்மா நொட்டாங்கை, எந்தப் பக்கமா வேணும்னாலும் சுத்தட்டும். வீடு வந்து சேர்ந்தா சரி."

"பேசாதீங்க, அசையுது" என்றார் டாக்டரம்மா.

பிறகு பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் லேப்காரி எதையும் உற்றுப் பார்க்கவில்லை. குப்பை குப்பையாகவே போயிற்று. கணவனுக்கே பயம் வந்து, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பன்னிரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது நாத்தனார் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டதும் அவள் போட்ட பிரேக்கில் ஸ்டியரிங் பிடித்திருந்த மாணவர் அலறிவிட்டாராம். எதையோ இடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

ஏழாவது வாரம் ஸ்கேன். இருட்டறையில் நாத்தனார் படுத்திருந்தாள். மெக்கானிக் சுவரோடு சுவராக நின்றார். டாக்டரம்மா திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்துக்குள் அரிசி அளவு ஒன்று, அதன் நடுவில் விட்டு விட்டு மினுக்கியது. யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் கேட்டாள்.

"மூணு?"

"உறைபெட்டியில தூங்குது அண்ணி."

"அதை வெச்சிருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?"

"தெரியாது."

"உங்க மேகத்தைக் கேட்டாக்கூடவா?"

"கேட்டாலும் தெரியாது. வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். வெச்சது ஒண்ணு, வைக்காதது ஒண்ணு. ரெண்டையும் பார்க்க யாராலயும் முடியாது."

"மூணு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கிட்டு இதைத்தான் கண்டுபிடிச்சியா?" நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியதில் திரையிலிருந்த அரிசி ஒரு கணம் காணாமல் போய்த் திரும்ப வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணோரம் வழிந்து காதுக்குள் போயிற்று. அதைத் துடைத்துவிட்டாள் லேப்காரி.

"தசமப்புள்ளி சார்கிட்ட இன்னைக்குச் சொல்லணும்" என்றாள். "ஆனா அவர் கணக்குல சேர்க்க மாட்டார். முன்னாடியே மார்க் தெரிஞ்சு வெச்சது சேராதாம். சேர்த்தாலும் ஒண்ணை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னுதான் சொல்வார்."

நாத்தனார் அவளுடைய இடது கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜெல் ஒட்டிய விரல்கள் பிசுபிசுத்தன.

"அவர் சொல்லட்டும்மா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு ஒண்ணு போதும்."